விமானக் காட்சியும் விமான ஊழியமும்

1946இல் சிக்காகோவின் மூடி வேதாகமக் கல்லூரியில் போதகர் பால் ராபின்சன் மிஷனெரி விமானப் பயிற்சியைத் தொடங்கினார். விமானம் ஓட்டுதலோடு அதனைப் பழுதுபார்த்தலும் பாடமாயிற்று. வனாந்தரத்தில் வேறு மெக்கானிக் கிடையான் அன்றோ?

1953இல் மில்வாக்கியில் தோன்றி, 1970 முதல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் கூடிவரும் பெரும் விமானக் காட்சிக்குச் செல்லும் இத்தகைய மாணவர், சாகசத்தையும் அதற்கெழும் கரவொலியையும் காண்பர். அங்கே அவர்கள் நேட் செயின்ட்டை நினைத்தல் தகும். வட்டமிடும் விமானத்திலிருந்து நீண்ட கயிற்றில் தொங்கும் வாளியை ஏறக்குறைய அசையாது நிறுத்தும் உபாயத்தை அவர் கண்டார். 1955இல் எக்குவடோர் நாட்டு வாவோரானி மக்களுக்கு அவ்வாறே அன்பளிப்புகளை இறக்கினார். கைதட்டத் திரளேதும் இல்லை. 1956 ஜனவரி 8இல் அவர் வேறு நால்வரோடு அம்மக்களால் கொல்லப்பட்டார்.

திறமை ஒன்றே, அது யாருக்காக என்பதே கேள்வி. பிரசங்கபீடத்தில் நிற்கும் நம்மையும் அக்கேள்வி விடாது.