ரக்பியில் 'டிரை'ன்னா, எதை ட்ரை பண்றாங்க?

ரக்பி மேட்ச்சை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் பத்து நிமிஷத்துல தலை சுத்தும். பந்தைக் கையில் வெச்சுக்கிட்டு முன்னாடி ஓடலாம், ஆனா முன்னாடி தூக்கிப் போடக் கூடாது. எதிரணியோட கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் அழுத்தினா 5 பாயின்ட். அதுக்குப் பேர் டிரை, அதாவது முயற்சி. கோட்டைத் தாண்டியாச்சு, பாயின்ட்டும் வந்தாச்சு, இன்னும் என்னங்க முயற்சி? அப்புறம் பந்தை உதைச்சு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல, குறுக்குக் கம்பத்துக்கு மேல அனுப்பினா இன்னும் 2. அந்த உதையையும் இஷ்டப்பட்ட இடத்துல இருந்து உதைக்க முடியாது. பந்தை எங்கே அழுத்தினாங்களோ, அதுக்கு நேர்க்கோட்டில் பின்னாடி வந்துதான் உதைக்கணும்.

விதிகளை உரு போட்டு இதைப் புரிஞ்சுக்கிறது கஷ்டம். ஆபீஸ்ல யாரோ எழுதின பழைய கோட் நம்ம தலையில் விழுந்தா என்ன பண்ணுவோம்? கமிட் ஹிஸ்டரியைத் தோண்டுவோம்ல, அதையே இங்கேயும் பண்ணலாம்.

இங்கிலாந்தில் ரக்பின்னு ஒரு ஊர், அங்கே ரக்பி ஸ்கூல். 1823ல வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் திடீர்னு பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடினான், அப்படித்தான் இந்த விளையாட்டு பிறந்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க. அதை நம்பாதீங்க. அந்தக் கதை வெளியே வந்ததே 1876ல, எல்லிஸ் இறந்து நாலு வருஷம் கழிச்சு. எழுதினவரும் நேரில் பார்த்தவர் இல்லை. உலகக் கோப்பைக்கே எல்லிஸ் பேரை வெச்சுட்டாங்க, அது வேற விஷயம். ஆதாரத்தோட கிடைக்கிறது 1845. அந்த வருஷம் பள்ளி மாணவர்களே உட்கார்ந்து 37 விதிகளை எழுதினார்கள்.

அந்தக் கால ஆட்டத்தில் ஜெயிக்க கோல் அடிக்கணும், அதாவது பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேல உதைக்கணும். கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் வைத்தால் பாயின்ட் எதுவும் கிடையாது. அதற்குக் கிடைத்தது ஒரு வாய்ப்பு மட்டும்: யாரும் குறுக்கே நிற்காமல், கோலை நோக்கி ஒரு உதை உதைத்துப் பார்க்கலாம். அந்த முயற்சிக்குத்தான் டிரை என்று பேர். 1871ல எடின்பரோவில் நடந்த முதல் சர்வதேச மேட்ச்சில், ஸ்காட்லாந்து ரெண்டு தடவை பந்தைத் தரையில் வைத்தது. அதில் ஒண்ணை கோலாக மாற்றியது. இங்கிலாந்து ஒரு தடவை வைத்தது, உதை தவறிப்போச்சு. ஆக, ஒரு கோலில் ஸ்காட்லாந்து ஜெயிச்சது.

பிறகு பாயின்ட் முறை வந்தது. 1890களில் டிரைக்கு 3 பாயின்ட், 1971ல 4, 1992ல 5 ஆனது. நுழைவுச்சீட்டா இருந்தது மெதுவா மெயின் ஷோவாகவே மாறிடுச்சு. ஆனா அந்தப் பழைய உதையை யாரும் தூக்கலை. அதனாலதான் கோட்டைத் தாண்டின ஆள் உடனே பந்தை வைக்காம, அடிபடுற ரிஸ்க் எடுத்து நடுவுக்கு ஓடுறார். ஓரத்துல வெச்சா பின்னாடி வர்ற உதை ரொம்பக் கஷ்டம்.

முன்னாடி பாஸ் பண்ணக் கூடாதுங்கிறதுக்கும் இதே மாதிரி ஒரு வேர் இருக்கு. பந்துக்கு முன்னால் நிற்கிறவன் ஆட்டத்திலேயே இல்லை, அதுதான் ரக்பியின் ஆஃப்சைடு. இல்லாத ஆளுக்கு எப்படிப் பந்து போடுவீங்க? சுவாரசியம் என்னன்னா, 1863ல ஃபுட்பால் அசோசியேஷன் எழுதின முதல் விதிகளிலும் ஆஃப்சைடு கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. 1866லதான் அவங்க தளர்த்தினாங்க.

அந்த 1863 கூட்டங்களில் பெரிய சண்டையே வேற. ஹாக்கிங், அதாவது எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பது. அதையும் பந்தோடு ஓடுவதையும் விதியிலிருந்து நீக்கியதால் பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. வேடிக்கை பாருங்க, 1871ல 21 கிளப்புகள் சேர்ந்து ரக்பி ஃபுட்பால் யூனியனை ஆரம்பிச்சப்போ, அவங்களும் ஹாக்கிங்கைத் தடை பண்ணிட்டாங்க!

இதுவரைக்கும் காலைப் பத்தின சண்டை. அடுத்தது வயித்தைப் பத்தினது.

வட இங்கிலாந்தில், யார்க்‌ஷையரிலும் லங்காஷையரிலும், ரக்பி ஆடினவர்களில் பலர் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை வெளியூர் மேட்ச்சுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதி கொடுங்கள் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. சம்பளம்கூட இல்லை, இழந்த கூலி. 1893ல லண்டனில் நடந்த கூட்டத்தில் 282க்கு 136 என்ற கணக்கில் அந்தக் கோரிக்கை தோற்றது. அமெச்சூர் விளையாட்டின் தூய்மையைக் காக்கிறோம் என்றார்கள். வீட்டுல காசு இருக்கிறவனுக்குத் தூய்மையா இருக்கிறது சுலபம்னு எனக்குத் தோணுது.

1895 ஆகஸ்ட் 29. ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, தனியாக நார்தர்ன் யூனியன் ஆரம்பித்தன. இழந்த கூலிக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று முடிவானது. பழைய அமைப்போ அவர்களோடு சேர்ந்து ஆடியவர்களை வாழ்நாள் முழுக்கத் தள்ளி வைத்தது.

நம்ம பாஷையில் சொன்னா, இது ஒரு ஃபோர்க். கூலி கொடுக்கணும்னா டிக்கெட் விற்கணும். டிக்கெட் விற்கணும்னா ஆட்டம் வேகமா, கண்ணுக்குத் தெளிவா இருக்கணும். 1897ல லைன்அவுட்டைத் தூக்கினார்கள். 1906ல ஆளை 15லிருந்து 13 ஆகக் குறைத்தார்கள். டேக்கிளில் விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னாடி தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்ற விதியும் அப்போது வந்ததுதான். இன்றைய ரக்பி லீக் அந்தக் கிளை.

அதனால டிவியில் எந்த ரக்பி ஓடுதுன்னு கண்டுபிடிக்கணும்னா ஸ்கோர்போர்டைப் பார்க்காதீங்க, டேக்கிள் ஆன அடுத்த நொடியைப் பாருங்க. கீழே விழுந்த ஆளுக்கு மேலேயே ரெண்டு பக்கமும் மோதித் தள்ளிக்கிட்டா அது யூனியன், அந்தக் குவியலுக்கு ரக்னு பேர். எல்லாரும் விலக, அவர் எழுந்து பந்தைப் பின்னாடி உருட்டினா அது லீக்.

யூனியன் கடைசியில் வீரர்களுக்கு வெளிப்படையாகக் காசு கொடுக்க ஒத்துக்கிட்டது 1995 ஆகஸ்ட் கடைசியில். ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டத்தோட நூறாவது ஆண்டு நாளுக்கு ரெண்டு மூணு நாள்தான் பாக்கி.