சிறுவணிக நம்பகமும் இணைய முகமும் (பெக்கோக்)

பெக்கோக், ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்தில் லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையோரம் அமைந்த சிற்றூர். 1909இல் ஜொகூர் இரயில் பாதை முடிந்த பிறகு இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பின்னாளில் செம்பனை வந்தது. எண்டாவ் ரொம்பின் வனப்பூங்காவின் சிலாய் நுழைவாயிலுக்கு இங்கிருந்துதான் காட்டுப்பாதைக்கு ஏற்ற வண்டியில் போக வேண்டும். தங்கும் வீடு, வண்டி வாடகை, சாப்பாட்டுக்கடை ஆகியவற்றை நடத்துவோரிடம் முன்பணம் கட்டுபவர் பல வேளைகளில் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர். கடையையும் பார்த்ததில்லை, கடைக்காரரையும் பார்த்ததில்லை. இத்தகைய ஊர்களில்தான் இணைய முகம் மிகவும் தேவைப்படுகிறது.

மலாயாத் தமிழ் வணிகத்தில் நம்பகத்துக்கு இலக்கணம் வகுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, கோலாலம்பூர் லெபோ அம்பாங் ஆகிய இடங்களில் கிட்டங்கி எனப்பட்ட வணிக மனைகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ‘விலாசம்’ இருந்தது. முன்னோர், தந்தை, உடையவர் ஆகியோரின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அடையாளம் அது. ஏஜெண்டுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள், விலாசம் மாறாது. அதை முன்னே இட்டுப் போட்ட கையெழுத்து கடல் கடந்தும் செல்லுபடியானது. ஆள் போனாலும் பெயர் நிற்கும் என்ற ஏற்பாடே செட்டியார் தொழிலின் உண்மையான மூலதனம்.

தோட்டத்து மளிகைக்கடையின் வழி வேறு. அங்கே 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு நோட்டில் அரிசி, மீன்டின், சீனி என்று கடன் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும். வாங்குபவரும் விற்பவரும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்பவர்கள் என்பதால் வேறு சாட்சி தேவைப்படவில்லை. இந்த நம்பிக்கை ஊர் எல்லையைத் தாண்டாது.

தாண்டவைப்பது பதிவு. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். 2002இல் உருவான மலேசிய நிறுவன ஆணையம் (எஸ்.எஸ்.எம்.) இதைக் கவனிக்கிறது. அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைக்கெனத் தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். 2019 அக்டோபர் முதல் வழங்கப்படும் 12 இலக்கப் பதிவெண்ணைப் படித்தே சில செய்திகளை அறியலாம்: முதல் நான்கு இலக்கம் பதிந்த ஆண்டு, அடுத்த 03 அது தனியாள் அல்லது கூட்டு வணிகம் என்பதன் குறி, மீதம் வரிசை எண். பத்தாண்டு அனுபவம் என்று விளம்பரம் செய்யும் கடையின் எண் 2023 என்று தொடங்கினால் விளக்கம் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி பெற்ற ஃபேஸ்புக் பக்கத்தைவிட இந்த ஒரு வரி எண் பெரிய சான்று.

மின்வணிகப் பரிவர்த்தனை விதிகள் 2013 ஜூலையில் நடப்புக்கு வந்தன. 2024இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இவற்றின்படி இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவெண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை, பணம் கட்டும் வழி, நிபந்தனைகள், பொருள் வந்துசேரும் காலம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ‘விலைக்குப் பிஎம் (தனிச்செய்தி) செய்யவும்’ என்று எழுதும் வழக்கம் இந்த விதிகளுக்கு ஒவ்வாது. வாடிக்கையாளரை விரட்டுவதும் அதுவே. டாட் காம் டாட் மை என முடியும் இணைய முகவரியைப் பெறவும் பதிவுச் சான்று வேண்டும்.

பணம் கட்டும் நொடியில்தான் சோதனை முடிகிறது. மின்வழிப் பணம் செலுத்தும் டுயிட்நவ் முறையின் கியூஆர் குறியை வருடியதும், தொகையை அனுப்புவதற்கு முன்பே, பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். கடைப் பலகையில் ஒரு பெயரும் திரையில் முன்பின் தெரியாத தனியாளின் பெயரும் இருந்தால் கை தயங்கும். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளம் உள்ளதால், வெளியூர்க்காரர் கணக்கு எண்ணை அங்கே தட்டிப்பார்த்த பிறகே முன்பணம் அனுப்புவதும் உண்டு. வணிகப் பெயரில் வங்கிக் கணக்கு, கூகுள் வரைபடத்தில் அதே பெயர், அதே தொலைபேசி எண், கடையின் முகப்பை நேற்று எடுத்தது போன்ற படம் ஆகிய நான்கும் ஒத்திருந்தால் போதும். அலங்காரமான வலைத்தளம் பிறகு வரலாம்.

பெக்கோக் வழிச் செல்லும் மின்மயமான இரட்டை இரயில் பாதையில் 2025 டிசம்பரில் இடிஎஸ் மின்சார இரயில் ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கியது. இரயில் பாதையைப் போலவே கடைகளும் மாறிவிட்டன: பெக்கோக்கில் வாட்ஸ்அப் வழி ஆர்டரும் கியூஆர் குறியும் இப்போது வழக்கம்.