ஈட்டி மரமும் பழைய கிட்டாரும்

2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு வாகை, மா, வேம்பு போன்ற மரங்கள் உதவ, அவற்றினும் விலை மிகுந்த தென்னிந்திய ஈட்டி கடல் கடந்து வேறொரு தொழிலுக்கும் போனது. பிரேசில் தன் ஈட்டித் தடிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 இறுதியிலிருந்து கிட்டாரின் முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் இந்திய ஈட்டியைக் கைக்கொண்டது. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்பட்டு, ஊதா கலந்த பழுப்பில் வரியோடும் பலகை அது. 2017 சனவரியில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுள் இந்திய ஈட்டியும் வர, செப்பனிட்ட பழைய கிட்டாரை அயல்நாட்டில் விற்போரும் அனுமதிச் சீட்டு தேட வேண்டியதாயிற்று. முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கான விலக்கு நடப்புக்கு வந்த 2019 நவம்பர் 26, தற்செயலாக, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்ட நாளும் ஆகும். முதல் பட்டியலில் 1992 முதல் இருந்துவரும் பிரேசில் ஈட்டிக்கோ அவ்விலக்கு இல்லை.