பழவேற்காட்டுப் பாதிரியாரும் பத்மநாபனும்



அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு போய் வருகிறவர்கள் டச்சுக் கல்லறை வாசலில் உள்ள இரண்டு எலும்புக்கூடு சிற்பங்களைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அந்த ஊரின் சபை வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் வந்தவர்கள் போர்த்துகீசியர். மகிமை மாதா ஆலயம் 1515இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். அடுத்து வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். அவர்கள் சீர்திருத்த சபையினர் என்பதால் தங்களுக்கென்று ஒரு போதகரை வைத்துக்கொண்டார்கள்.

அப்படி வந்தவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். 1632 முதல் சுமார் 10 ஆண்டுகள் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் போர்த்துகீசிய மொழியில் பேசி, நம் மக்களின் வழிபாடு, பண்டிகை, சடங்கு எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சுபாஷிதங்களும் அப்படித்தான் டச்சு மொழிக்குப் போயின. அவர் இறந்த பிறகு, 1651இல் லெய்டன் நகரில் அந்தப் புத்தகம் வெளிவந்தது. பத்மநாபன் பெயர் இன்றும் நமக்குத் தெரிவது, அந்தப் போதகர் அதை எழுதி வைத்ததால்தான்.

ஆனால் அதே துறைமுகத்திலிருந்து, பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்ட நம் கரையோர மக்கள் அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். டச்சு அதிகாரிகளுக்குக் கல்லறையில் பூவேலை செய்த கல் இருக்கிறது. இவர்களுக்கு ஊரில் ஒரு கல்லும் இல்லை.

இங்கிலாந்தில் 1538இல் ஓர் ஆணை வந்தது. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது ஆணை. அதனால் அங்கே ஒரு குக்கிராமத்தில் ஏர் உழுதவரின் பெயரைக்கூட இன்று பேரப்பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள். அந்த ஊர்களின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் அந்தந்த ஊர்க்காரர்களே.

நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு மேல் தெரியும்?

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். முன்னோர் பெயர், செய்த தொழில், எந்தக் குப்பத்திலிருந்து வந்தார்கள், ஏரியில் எந்த இடத்தில் முறை வைத்து வலை போட்டார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கோவில், சர்ச், மசூதி எதைச் சேர்ந்தவரானாலும் சரி. எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், நான் திருத்தித் தருகிறேன்.

கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.