ஜப்பானில் இனிப்புக் கடைக்குள் போகும் முன்: வாகாஷி வாங்க ஒரு கையேடு

கியோட்டோவின் பழைய இனிப்புக் கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் முதலில் வரும் சந்தேகம், 'இது சாப்பிடுறதுக்கா, ஷோகேஸ்ல வைக்கிறதுக்கா?' என்பதுதான். எலுமிச்சம்பழ அளவில், மொட்டு மாதிரியும் இலை மாதிரியும் ஆறேழு உருப்படிகள். பக்கத்தில் சின்ன அட்டையில் ஒரு பெயர். அது பெரும்பாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. 'முதல் பனி' என்கிற மாதிரி இருக்கும்.

இவற்றின் பொதுப்பெயர் வாகாஷி. 'வா' என்றால் ஜப்பானிய, 'காஷி' என்றால் பலகாரம். பலகாரம் பழசு, பெயர்தான் புதுசு. 1868-ல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் ஐரோப்பிய கேக், பிஸ்கட் வகைகள் பரவிய பிறகு, உள்ளூர்ச் சரக்கைப் பிரித்துச் சொல்ல இந்தச் சொல் தேவைப்பட்டது. அந்த 'உள்ளூர்ச் சரக்கிலும்' பாதி வெளியூர் வரவு. ஆவியில் வேகவைக்கும் மஞ்சூவை, 1349-ல் சீனாவிலிருந்து வந்த லின் ஜிங்யின் என்பவரோடு சேர்த்துச் சொல்வார்கள். சீனாவில் இறைச்சி வைத்த பண்டம், இங்கே பயறுப் பூரணத்துக்கு மாறியது. யோகன் என்ற பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தால் ஆட்டுக்கறி சூப்! புலால் உண்ணாத பௌத்தத் துறவிகளிடம் அது பயறுக்கு மாறி, இன்று துண்டு போடும் அல்வா பதத்தில் நிற்கிறது.

உள்ளே என்ன இருக்கு?

பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை 'ஆன்' எனும் பூரணம். அசுகி என்ற சிவப்புப் பயறு, நம்ம பச்சைப்பயறு, உளுந்து சேர்ந்த அதே விக்னா பேரினத்தைச் சேர்ந்தது. அதை வேகவைத்துச் சர்க்கரையோடு கிளறினால் ஆன் தயார். தோலோடு விட்டால் ட்சுபுஆன், சலித்து மைய எடுத்தால் கொஷிஆன். வெள்ளைப் பயற்றில் செய்வது ஷிரோஆன். அதில்தான் நிறம் ஏறும். அந்த மொட்டும் இலையும் பெரும்பாலும் நெரிகிரி, அதாவது ஷிரோஆனோடு ஒட்டரிசி மாவுக் களி சேர்த்துப் பிசைந்தது. கியோட்டோவில் கோதுமை மாவு சேர்த்து ஆவியில் வேகவைக்கும் கொனாஷி அதிகம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குளூட்டன் ஆகாதவர்கள் கட்டாயம் கேட்டுவிட வேண்டும்.

வாகாஷியை எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். வாங்குபவருக்கு உதவுவது ஒரே ஒரு எண்தான்: ஈரப்பதம். 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நாமாகாஷி, 10 முதல் 30 வரை ஹான்-நாமாகாஷி, 10-க்குக் கீழே ஹிகாஷி. கெட்டுப்போகும் வேகமும் ஏறக்குறைய இந்த வரிசைதான். கைவேலை மிகுந்த நாமாகாஷியை அன்றோ மறுநாளோ சாப்பிட்டுவிட வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு வாங்கிட்டு வரலாம் என்ற ஆசையே வேண்டாம். அச்சில் அழுத்திய ஹிகாஷி பல வாரம் தாங்கும். சர்க்கரை அதிகமுள்ள, காற்றுப் புகாமல் அடைத்த கெட்டி யோகன் சில கடைகளில் ஓராண்டு வரை. ஆபீஸ் நண்பர்களுக்கு அதுதான் சரி.

சைவத்தினருக்கு நல்ல செய்தி: பால், நெய் பெரும்பாலும் கிடையாது. யோகனைக் கெட்டியாக்குவது கான்டென். கடல்பாசியிலிருந்து எடுக்கும் இது, நம்ம மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கிடைப்பதேதான். ஆனால் டொராயாகி, காஸ்டெல்லா இரண்டிலும் முட்டை உண்டு. புது மாதிரி ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம். ஜப்பானியர் வாயில் அது 'ஜெராச்சின்'. தனித்தனியாக எடுத்துத் தரும் உருப்படிகளில் லேபிள் இல்லாமல் போகலாம்.

சென்ற மாதம் இருந்தது இப்போது இருக்காது

பெட்டியில் இருப்பதை நாள்காட்டி முடிவு செய்கிறது. வசந்தத்தில் உப்பிலிட்ட செர்ரி இலை சுற்றிய சகுரா மோச்சி; இலையையும் சேர்த்துச் சாப்பிடலாம். மே 5-க்கு ஓக் இலை சுற்றிய கஷிவா மோச்சி. அந்த இலையைச் சாப்பிடக் கூடாது. புதுத் துளிர் வரும்வரை பழைய இலை உதிராத மரம் என்பதால் வம்சம் தழைக்கும் என்ற நம்பிக்கை. ஜூன் 30 அன்று கியோட்டோவில் முக்கோண மினாசுகி. இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டை. அட்டையிலுள்ள பெயர்களும் பருவத்தோடும் பழைய கவிதைகளோடும் ஒட்டியவை.

கல்லாவில் ஒரு கேள்வி வரும்: இங்கேயே சாப்பிடுகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா? சும்மா உபசாரம் இல்லை. 2019 அக்டோபர் முதல் பார்சலுக்கு வரி 8 சதவீதம், கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. ஆயிரம் யென்னுக்கு 1,080 அல்லது 1,100. 'மொச்சிகாயேரி' என்றால் பார்சல். பணத்தைக் கையில் நீட்டாமல் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் வேண்டாம். மாட்சா தேநீரோடு பரிமாறினால் இனிப்பு முதலில், கசப்பு பிறகு. மோச்சியை மட்டும் சின்னச் சின்னதாகக் கடித்து மெல்லவும். ஒவ்வொரு புத்தாண்டிலும் முதியவர்கள் தொண்டையில் சிக்கி இறப்பதால் டோக்கியோ தீயணைப்புத் துறையே எச்சரிக்கை விடுகிறது.

பழமை மட்டும் கடையைக் காப்பாற்றுமா?

அரண்மனைக்கு இனிப்பு வழங்கிய டொராயா, 1869-ல் பேரரசரைத் தொடர்ந்து கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குக் கிளை பரப்பியது, இன்றும் செழிப்பாக இருக்கிறது. ஆனால் 1461-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும், யோகனுக்குப் பேர்போன சோஹோன்கே சுருகாயா 2014-ல் திவாலானது. பிறகு வேறு நிறுவனம்தான் அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தது. 2022-ல் நெரிகிரி, கொனாஷி செய்யும் கலையை ஜப்பான் அரசு அருவப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. மரியாதைதான். ஆனால் விடியற்காலையில் பயறு வேகவைக்க அடுத்த தலைமுறை வருமா என்பதைப் பதிவேடு தீர்மானிக்காது.

ஒரே ஒரு பண்டத்தை நம்பி நிற்பவர்களும் உண்டு. கியோட்டோவின் இமாமியா ஆலய வாசலில் இச்சிவா கடை. 1000-ஆம் ஆண்டு தொடங்கியது என்பது அவர்களின் மரபுக் கணக்கு. விற்பது அபுரி மோச்சி மட்டும்: மூங்கில் குச்சியில் விரல்நுனி அளவு மோச்சி, கரியில் சுட்டு, இனிப்பான வெள்ளை மிசோ குழம்பில் தோய்த்தது. நேர் எதிரே கஜாரியா, சுமார் 400 ஆண்டுக் கடை, அதே பண்டம். இரண்டும் வழக்கமாகப் புதன்கிழமை விடுமுறை.