விளையாட்டுக்கு வயது உண்டோ?

"மீசை நரைத்த பிறகும் விளையாட்டா?" என்னும் கேள்வி நம் இல்லங்களிலே அடிக்கடி எழுகின்றது. பணி முடிந்து வீடு திரும்பிய ஒருவர் திரையின் முன் அமர்ந்து வீடியோ கேம் ஆடக் கண்டால், பொறுப்பற்றவர், பிள்ளைப் புத்தி மாறாதவர் என்று முடிவு கட்டிவிடுகின்றோம். இம்முடிவு நம் மரபுக்கு ஒத்ததுதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பாழ்பட்ட பொதியில் ஒன்றைக் காட்டுகின்றார். அங்கே முன்னர் நரைத்த முதியோர் கூடி 'வல்' என்னும் காய் ஆட்டம் ஆடினர்; காய்களை வைத்து வைத்து அவ்விடமே குழிந்துபோயிற்று. இப்போது அக்குழிகளிலே காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. முதியோர் ஆடியதைப் புலவர் பழிக்கவில்லை. ஆட்டம் நின்றுபோன அவ்விடத்தையே ஊர் அழிந்ததற்கு அடையாளமாகக் காட்டினார்.

திருவள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் 'கல்லாமை' அதிகாரத்தில், நூலறிவின்றி அவையிற் பேசுவதற்குக் கட்டம் வரையாமல் வட்டாடுவதை உவமை கூறினார். முறையோடு ஆடும் ஆட்டத்தைக் கல்விக்கு ஒப்பாக வைத்த அப்பெருமான், பொருள் வைத்து ஆடுவதையே வெறுத்தார் என்பது தெளிவு.

இனி, வீடியோ கேம் பிறந்த வரலாற்றைக் காண்போம். 1958இல் அமெரிக்காவின் புருக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைக் காண வந்த பொதுமக்களுக்காக, வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியல் அறிஞர் சிறு திரை ஒன்றில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டம் உருவாயிற்று. ஆகவே இக்கலை பெரியோர் கையிலே பிறந்து, பின்னரே சிறுவர் கைக்குச் சென்றது.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் ஆட்டம் தனி உரிமை உடையது. கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் இதனை ஆக்கினர். 1980களில் கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தமிழ்த் தம்பதியரும் அவர்தம் மகன் கவினுமே இதன் மாந்தர். இதில் சுடுவதும் வெட்டுவதும் இல்லை. தாய்வீட்டிலிருந்து வந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன இடங்களை ஊகித்து, ஆடுபவர் இட்லி அவிக்க வேண்டும். புட்டுச் செய்ய வேண்டும். மகன் தமிழை விட்டு விலகுகின்றான். வளர்ந்த பின்னர் அக்குறிப்பேட்டைத் தட்டுத் தடுமாறிப் படிக்கின்றான். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் இதற்கு விருதளித்துப் பாராட்டியது. பிள்ளையைப் பிறமொழிச் சூழலில் வளர்த்த பெற்றோருக்கன்றோ இவ்வாட்டத்தின் பொருள் முழுதும் விளங்கும்!

அளவு மீறினால் அமுதும் நஞ்சாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றது. ஆயினும், தன்னடக்கம் இழந்து, தொழிலும் உறவும் கெட்ட பின்னும் ஆட்டத்தை விடமாட்டாத நிலையையே அது குறிக்கும். ஆடுவோர் அனைவரையும் அன்று. 2025இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, திறன் காட்டும் மின்விளையாட்டுப் போட்டிகளை வளர்க்க வழிசெய்தது. வள்ளுவர் அன்று இட்ட கோடும் இதுவே.

அன்பர்களே! ஆடுபவரின் வயதைக் கேட்பதை விடுத்து, பொருள் அழிகின்றதா, கடமை தவறுகின்றதா என்று கேட்போம். இரண்டும் இல்லையேல் பழிப்பதற்கு ஏதுமில்லை. கவினின் கதை கனடாவுக்கு மட்டும் உரியதன்று. ஆனைக்கரையில் மலையாளம் சூழ வளரும் நம் பிள்ளைகளுக்கும் உரியது. தாயும் தந்தையும் அவர்களோடு ஒரு திரையின் முன் அமர்ந்து அவ்வாட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். குறிப்பேட்டின் அழிந்த வரிகளைப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். அடுப்பங்கரையில் அறிந்ததைப் பெற்றோர் சொல்லிக் கொடுக்கட்டும். அங்கே விளையாட்டும் வளரும், தமிழும் வாழும்.