காடு திருத்தலும் மான்களும்: கிண்டி மான் பூங்காவின் வரலாறு

காட்டை வெட்டி, கல் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவி நிலமாக்குவதைத் தமிழில் 'காடு திருத்துதல்' என்பர். வீடு கட்டவும் பயிர் செய்யவும் மனிதர் காடு திருத்தினர். அங்கு வாழ்ந்த மான்கள் விலகிப் போயின. ஆனால் மான் வாழ்வதற்கென்றே நிலத்தைத் திருத்திய வரலாறும் உண்டு. மனிதர் குடியிருப்பும் மானின் இருப்பிடமும் ஒரே வளாகத்தில் அமைந்த இடமாகச் சென்னைக் கிண்டி விளங்குகிறது. அதன் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

புனமும் மானும்

பண்டைத் தமிழகத்தில் மலைவாழ் குறவர் மரங்களை வெட்டி எரித்துத் தினை விதைத்தனர். அவ்வாறு திருத்திய நிலம் 'புனம்' எனப்பட்டது. கதிர் முற்றும் காலத்தில் பரண் அமைத்துக் கவண் கொண்டு காவல் காத்தனர். கிளி, யானை, பன்றி, மான் ஆகியவை பயிருக்குப் பகையாகக் கருதப்பட்டன.

திருத்தணி, பொதட்டூர்பேட்டை வட்டார மக்களுக்கு இச்செய்தி புதிதன்று. திருத்தணி முருகன் கோயிலோடு இணைந்த வள்ளி கதையின் களமே தினைப்புனம்தான். கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தின்படி வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்தான். மானின் மகள் வேடர் குடிலில் வளர்ந்து, மான் மேயாதபடி புனம் காத்தாள். காடு திருத்தி வாழ்ந்த மக்கள் மானைப் பகையாகவும் உறவாகவும் கண்டதை இக்கதை உணர்த்துகிறது.

புனத்தில் மான் விரட்டப்பட்டது. மானுக்காகவே நிலத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் அரசரும் ஆட்சியாளரும் ஆவர். அவர்களின் முதல் நோக்கம் வேட்டை. தமிழகத்தில் இவ்வகையில் உருவான இடங்களுள் கிண்டி குறிப்பிடத்தக்கது.

கிண்டி மாளிகையும் வேட்டைக் காடும்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னைப் பட்டணத்துக்கு வெளியே, பரங்கிமலைக்குச் செல்லும் வழியில் இருந்த புதர்க்காடே கிண்டி. அங்கு 'கிண்டி லாட்ஜ்' என்னும் தோட்ட மாளிகை இருந்தது. தனியாரிடம் இருந்த இதனை 1821இல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, அரசு வாங்கியது. அப்போது அதன் பரப்பு ஏறத்தாழ 505 ஹெக்டேர். ஆளுநர்கள் பட்டணத்து அலுவலிலிருந்து ஓய்வு கொள்ளவும் வேட்டையாடவும் இங்கு வந்தனர். 1910இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் கிண்டி மாளிகையே ஆளுநரின் நிலையான இல்லமாகி, ராஜ்பவன் எனப் பெயர் பெற்றது.

இக்காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய காட்டு வகை இது. இங்கு உயர்ந்த மரங்களைவிட முட்புதர்களும் கொடிகளுமே மிகுதி. மாளிகையைச் சுற்றிப் புல்வெளிகளும் போலோ மைதானமும் அமைக்கப்பட்டன. குதிரை ஓடுவதற்காகப் புதர் நீக்கிய அந்த மைதானம் பிற்காலத்தில் மான்களின் முக்கிய மேய்ச்சல் இடமாயிற்று.

வெளிமானும் புள்ளிமானும்

கிண்டியில் இருவகை மான்கள் முக்கியமானவை. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தால்தான் நிலம் திருத்துதலின் நன்மையும் தீமையும் விளங்கும்.

ஒன்று வெளிமான். இதற்கு இரலை, கலைமான் என்ற பெயர்களும் வழங்குகின்றன. ஆணின் மேல்தோல் கருமையாகவும் கொம்பு திருகியும் இருக்கும். கிளையில்லாத அக்கொம்பு உதிர்வதில்லை. அறிவியல் வகைப்பாட்டில் இது மான் குடும்பத்தைச் சேராது. ஆடு, மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. 'வெளிமான்' என்ற பெயரே அதன் வாழிடத்தைச் சொல்லிவிடுகிறது. திறந்த வெளியில் புல் மேய்ந்து, தொலைவிலேயே பகையைக் கண்டு, மிகு வேகத்தில் ஓடித் தப்புவது இதன் இயல்பு. புதர் அடர்ந்தால் இதற்குப் பார்வையும் ஓட்டமும் தடைபடும்.

மற்றொன்று புள்ளிமான். இதன் ஆணுக்குக் கிளைத்த கொம்பு உண்டு. அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும். புல்லோடு தழை, உதிர்ந்த காய், கனி ஆகியவற்றையும் இது உண்ணும். மர நிழலும் அருகே புல்வெளியும் கலந்த இடம் இதற்கு ஏற்றது. எனவே புதர் பெருகும் இடத்திலும் இதனால் சமாளிக்க முடிகிறது.

கிண்டிக்கு வெளிமானை 1924இல் வில்லிங்டன் பிரபு கொண்டுவந்தார் என்று ஒரு குறிப்பு உண்டு. அதற்கு முன்பே அவை இங்கு இருந்தன என்ற கருத்தும் உள்ளது. புள்ளிமான்கள் 1945க்குப் பின் கொண்டுவரப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பாவ்நகர் மகாராஜா சில வெள்ளை நிற வெளிமான்களை இங்கு விடுவித்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. பாவ்நகர் மன்னர் கிருஷ்ணகுமாரசிங்ஜி 1948 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். குஜராத்தில் அவருடைய சமஸ்தானத்தைச் சேர்ந்த வேலாவதர் புல்வெளி, வெளிமான்களுக்குப் புகழ்பெற்றது. 1976இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

சுருங்கிய காடு

விடுதலைக்குப் பின் நகரம் வளர்ந்தது. கல்லூரிகளுக்கும் நினைவிடங்களுக்கும் இடம் தேவைப்பட்டது. 1956இல் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. 1958இல் காட்டின் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைக்க ஒதுக்கப்பட்டது. கழகம் 1959இல் தொடங்கியது. அதே 1958இல், பிரதமர் நேருவின் விருப்பப்படி, வேறொரு பகுதி மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைக்க வனத்துறைக்கு வழங்கப்பட்டது. 1961க்கும் 1977க்கும் இடையில் மட்டும் சுமார் 172 ஹெக்டேர் நிலம் பல்வேறு துறைகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களும் இவ்வளாகத்தில் எழுந்தன.

இவை யாவும் மக்களுக்குப் பயன்பட்டவையே. ஆயினும் ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்டது மானின் நிலம். மீதமிருந்த சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் இதுவும் ஒன்று. 505 ஹெக்டேராக இருந்த வளாகத்தில் ஏறக்குறைய பாதியே காடாக எஞ்சியது.

1980களின் இறுதியில் பூங்காவுக்கும் ராஜ்பவன், தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றுக்கும் இடையே மதில் எழுப்பப்பட்டது. ஒரே காடாக இருந்தது மூன்று துண்டாயிற்று. துண்டுபட்ட நிலத்தில் விலங்குக் கூட்டம் சிறிதாகும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழும். ஒரு நோய் வந்தாலும் தாங்கும் வலிமை குறையும். வெளிமான்களைப் பொறுத்தவரை இது பெரிய இடர்.

அழித்தலும் ஆபத்து, விட்டுவிடுதலும் ஆபத்து

கட்டடம் எழுந்தால் மான் நிலம் குறையும் என்பது எளிதில் விளங்கும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் வெளிமானின் நிலம் குறையும் என்பது பலர் அறியாத செய்தி. புல்வெளியைக் கவனிக்காமல் விட்டால் முட்செடி முளைக்கும், புதர் மூடும், புல் மறையும். வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேலம் இதனை விரைவுபடுத்துகிறது. அதன் இனிப்பான நெற்றை உண்ணும் கால்நடைகளும் காட்டு விலங்குகளும் சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. கோடிக்கரை, வேலாவதர் போன்ற வெளிமான் இடங்களிலும் இம்மரம் சிக்கலாகியுள்ளது. இக்காரணத்தால் கிண்டியில் வெளிமானுக்கெனப் புல்வெளி தனியே பேணப்படுகிறது.

மானுக்காக நிலம் திருத்துவோர் கருத வேண்டியவை சில உண்டு:

1. எந்த மானுக்கு என்பதை முதலில் அறிய வேண்டும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். புள்ளிமானுக்கு நிழலும் வெளியும் கலந்திருக்க வேண்டும்.
2. சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, மீண்டும் துளிர்க்கும். வேரோடு அகற்ற வேண்டும்.
3. களா, காரை, நாவல் போன்ற மண்ணின் செடிகளையும் மரங்களையும் சேர்த்து அழிக்கக் கூடாது. குட்டிகள் ஒளிய மறைவு தேவை.
4. கோடையிலும் நீர் கிடைக்கும் குளம், குட்டை இருக்க வேண்டும்.
5. நாய்களும் பிளாஸ்டிக் குப்பையும் அணுகாமல் காக்க வேண்டும். நகர்ப்புற மான்களின் சாவுக்கு இவை முக்கியக் காரணங்கள்.

காப்புக்காட்டில் தனியார் எவரும் மரம் வெட்டவோ நிலம் திருத்தவோ சட்டம் இடம் தராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்து மிகுந்த பாதுகாப்பு அளிக்கிறது.

உலகம் தரும் சான்று

மாளிகைப் பூங்கா ஓர் இனத்தையே காப்பாற்றிய வரலாறு சீனாவில் தொடங்குகிறது. பெய்ஜிங்கின் தெற்கே பேரரசரின் வேட்டைக் காட்டில் 'மிலு' என்னும் மான் மட்டும் எஞ்சியிருந்தது. 1895 வெள்ளத்திலும் 1900ஆம் ஆண்டுக் கலகத்திலும் அந்தக் கூட்டம் அழிந்தது. அதற்கு முன் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த சில மான்களைப் பெட்போர்ட் பிரபு இங்கிலாந்தில் தம் வோபர்ன் மாளிகைத் தோட்டத்தில் ஒன்றுசேர்த்து வளர்த்தார். அவற்றின் வழிவந்தவை 1985இல் மீண்டும் பெய்ஜிங் திரும்பின. மாளிகை வளாகத்தில் ஒதுக்கிய நிலம் சிறிதாயினும் வீண்போகவில்லை.

தமிழகத்தில் கோடிக்கரை சரணாலயம் 1967இலும், தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு வெளிமான் சரணாலயம் 1987இலும் அமைந்தன. அவை நகருக்கு அப்பால் உள்ளவை. பெருநகரின் நடுவே மான் உலவும் காடு என்பதே கிண்டியின் தனிச்சிறப்பு.

முடிவுரை

ஆளுநரின் ஓய்வுக்கும் வேட்டைக்கும் காத்த நிலம், மக்கள் ஆட்சிக் காலத்தில் மான்களின் அடைக்கலமாயிற்று. போலோ ஆட்டத்துக்காகத் திருத்திய வெளி, வெளிமானுக்கு மேய்ச்சல் தந்தது. கல்விக்கும் நினைவிடத்துக்கும் திருத்திய நிலமோ மானுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. திருத்தல் என்ற சொல்லுக்குச் சீர்செய்தல் என்றும் பொருள் உண்டு. யாருக்காகச் சீர்செய்கிறோம் என்று முன்கூட்டி எண்ணிச் செய்தால், மனிதர் வீடும் மானின் வெளியும் அருகருகே நிலைக்க இயலும். எஞ்சியுள்ள 2.7 சதுர கிலோமீட்டரை இனியும் குறையாமல் காப்பது நம் தலைமுறையின் கடமை.